இசைத்தட்டும் உறையும்

பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் மேலும் கீழும் இரண்டு மரச்சட்டங்கள் இருப்பதைக் கண்டிருப்பர். அச்சட்டங்களில் பாட்டும் இராது, உரையும் இராது. ஏடுகள் வளையாமலும் ஓரம் ஒடியாமலும் காப்பதே அவற்றின் தொழில். சட்டத்தை இழந்த சுவடியில் முதலேடும் கடையேடுமே முன்னதாகச் சிதையும். நூலின் பெயரும், படி எடுத்தவர் பெயரும், எழுதி முடித்த நாளும் பெரும்பாலும் அவ்வேடுகளிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே சட்டம் போனால் இரண்டு ஏடுகள் போவதோடு நில்லாது, எஞ்சிய ஏடுகள் எந்நூலைச் சேர்ந்தவை என்னும் செய்தியும் உடன் போய்விடும்.

ஓலை எழுத்தைச் சுமந்ததுபோல ஒலியைச் சுமந்து வந்த பொருள் இசைத்தட்டு. சுவடிக்குச் சட்டம் எவ்வாறோ, தட்டுக்கு உறை அவ்வாறு. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் தேர்ந்தவர்கள் தட்டை வெளியே எடுப்பதற்கு முன் உறையையே உற்று நோக்குகின்றனர். ‘உள்ளே இருக்கும் இசையன்றோ பெரிது? மேலே இருக்கும் காகிதத்தில் என்ன இருக்கிறது?’ என்று புதியவர்களுக்குத் தோன்றலாம். அதற்கு விடை காணத் தட்டு எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பேசிய பேச்சைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கலாம் என்பதை 1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன் செய்து காட்டினார். அவருடைய கருவியில் ஓர் உருளையின்மேல் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஒலி பதிந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1887இல், எமில் பெர்லினர் என்பவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தில் ஒலியைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கிராமபோன் என்பது அவர் தம் கருவிக்கு இட்ட பெயர். உருளைக்கு இல்லாத சிறப்பு ஒன்று தட்டுக்கு உண்டு. அச்சுக்கூடத்தில் ஒரே எழுத்துக் கோப்பிலிருந்து ஆயிரம் படிகள் எடுப்பதுபோல, ஒரே மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுத்துவிடலாம்.

ஒலி காற்றில் அதிர்வாகச் செல்கிறது. பதிவு செய்யும்போது அவ்வதிர்வு ஒரு முள்ளை அசைக்கிறது. சுழலும் மெழுகுத் தட்டின்மேல் அம்முள் உழுதுகொண்டே சென்று, வெளியோரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு வரும் நீண்ட வரிப்பள்ளத்தை உண்டாக்குகிறது. தட்டில் நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பதுபோலத் தோன்றினும் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே பள்ளந்தான். பாடியவரின் குரல் அசைந்தவாறெல்லாம் அப்பள்ளமும் வளைந்து வளைந்து செல்லும். மெழுகின்மேல் மின்முறையால் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுப்பர். அவ்வச்சைக் கொண்டு விற்பனைக்குரிய தட்டுகளை அழுத்துவர். தட்டு சுழலும்போது மற்றொரு முள் அதே பள்ளத்தில் நடந்தால், அன்று எழுந்த அதிர்வு மறுபடியும் எழுகிறது.

விற்பனைத் தட்டுகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவலரக்கினால் செய்யப்பட்டன. சோட்டா நாகபுரி போன்ற காட்டுப் பகுதிகளில் பலாசு, பூவம், இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் மிகச் சிறிய பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்து ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றன. அதுவே அரக்கு. அதனைச் சுரண்டி எடுத்து, உருக்கித் தூய்மையாக்கி, மெல்லிய செதில்களாக ஆக்கியது அவலரக்கு. அதனுடன் கல்தூளும் கரித்தூளும் பஞ்சிழையும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் கரிய தட்டு கிடைக்கும். உலகுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. வியன்னாவிலும் பாரிசிலும் பாடிய பெரும்பாடகர்களின் குரலைத் தாங்கி நின்றது இந்நாட்டுக் காட்டுப்பூச்சி சுரந்த பிசின் என்பதை அந்நகரத்தார் எத்துணைப் பேர் அறிந்திருந்தனரோ!

கல்தூளைக் கலந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்து எஃகு முள்ளின் நுனி பள்ளத்தின் வடிவுக்குச் சரியாகப் பொருந்தியிராது. தட்டு சுழலத் தொடங்கியதும் கல்தூள் சாணைபோல முள்ளைத் தேய்த்து, பள்ளத்திற்கு ஏற்ற வடிவாக்கிவிடும். தேய்ந்த முள்ளை அடுத்த பக்கத்திற்குப் பயன்படுத்தினால் அது பள்ளத்தை அறுக்கும். ஆதலால் ஒவ்வொரு பக்கத்திற்கும் புது முள் மாற்ற வேண்டும் என்பது விதி. விதி இருந்தது, சிக்கனம் அதனை மீறியது. ஒரே முள்ளால் நாள் முழுவதும் பாடவைத்த வீடுகளில் தட்டுகள் விரைவில் கரகரத்துப் போயின.

இத்தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழல்வன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே பாடும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்து பழகிய இந்தியப் பாடகர்கள் இந்த அளவுக்குள் தம் இசையை அடக்க வேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தபோது, அங்கே புகழ் பெற்றிருந்த கௌஹர் ஜான் என்னும் பாடகியார் அதனைத் திறம்படச் செய்து காட்டினார். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். கேட்போர் அதனைச் செருக்கு என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே தட்டு அழுத்துவோர்க்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எது எவர் பாட்டு என்று குழம்பாதிருக்கவே பாடியவர் தம் பெயரைத் தட்டிலேயே பதித்து அனுப்பினார். 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தட்டு அழுத்தும் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னர் இக்கடற்பயணம் தேவையற்றதாயிற்று.

குரல் இருந்தாலும் பெயர் இல்லையேல் பயன் குறைவு என்பதை அத்தொழிலில் முதன்முதலாக இறங்கியவர்களே உணர்ந்திருந்தனர். அப்பெயரைச் சுமக்கும் வேலை பிற்காலத்தில் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டுக்கும், தட்டைப் பொதிந்த உறைக்கும் வந்து சேர்ந்தது.

முதற்காலத்து உறை மிக எளியது. பழுப்பு நிறக் காகிதத்தை மடித்து ஓரம் ஒட்டி, நடுச்சீட்டு தெரியுமாறு வட்டமாகத் துளையிட்டிருப்பர். மேலே கம்பெனியின் முத்திரை இருக்கும். குழலுக்கு முன் அமர்ந்து செவிசாய்க்கும் நாயின் படம் தென்னாட்டுச் சிற்றூர்களிலும் அறிமுகமானது இவ்வாறுதான். முள் விளம்பரமும், கிராமபோன் பெட்டி விளம்பரமும், தட்டை விற்ற கடையின் பெயரும் அவ்வுறையில் காணப்படும். பிற்காலத்தில் படத் தயாரிப்பாளராகப் பெயர் பெற்ற ஏ.வி. மெய்யப்பர் 1932இல் கூட்டாளிகளுடன் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை விற்ற நிலையம். அத்தகைய நிலையங்களின் பெயர் அச்சிட்ட உறைகள், எந்தத் தட்டு எங்கே யாரால் விற்கப்பட்டது என்பதற்கு இன்றும் சான்றாகின்றன.

ஆயினும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே மாதிரி உறை அமைந்ததால் மக்கள் அதனை மதிக்கவில்லை. கடைக்காரன் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தை எறிவதுபோல எறிந்தனர். உறை போனதும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமேனியுடன் அடுக்கப்பட்டன. இரண்டு தட்டுகளுக்கு இடையே சிக்கிய தூசு இரண்டையும் அராவியது. இன்று கிடைக்கும் பழைய தட்டுகளில் கேட்கும் இரைச்சலில் ஒரு பகுதி முள்ளால் விளைந்தது; மற்றொரு பகுதி உறையில்லாமையால் விளைந்தது.

இழப்பின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்த் தாயி என்னும் பாடகியார் பல தட்டுகளில் பாடினார். அவர் 1917இல் மறைந்தார். அவருடைய தட்டுகளின் இசையால் ஈர்க்கப்பட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், ‘ராகமாலிகா’ என்னும் பெயரிலேயே ஓர் இசைப்பாடல் இயற்றினார். அப்பாடல் இன்றும் மேனாட்டு அரங்குகளில் பாடப்படுகிறது. தாயியின் குரலைக் கேட்க விரும்புவோர்க்கோ, எங்கோ சில வீடுகளில் உடையாமல் தப்பிய அரக்குத் தட்டுகளை அன்றி வேறு வழி இல்லை. அவர் பாடிய காலத்தில் ஒலிநாடா இல்லை. வானொலி நிலையமும் இல்லை. ஒரு தட்டு உடைந்தால், அந்தப் பாட்டு உலகிலிருந்தே மறைந்துபோகவும் கூடும்.

உடைவதற்கு வாய்ப்புகளும் குறைவாக இல்லை. அவலரக்கு கண்ணாடிபோல நொறுங்குவது. கைதவறினால் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு வரவு தடைப்பட்டமையால், 1942இல் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்குரிய அவலரக்கின் அளவை 70 விழுக்காடு குறைத்தது. புதுத்தட்டு வாங்க வருவோர் பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கடைகள் கேட்டன. அவ்வாறு வந்து குவிந்தவை நொறுக்கப்பட்டுப் புதுத்தட்டுகளாயின. ஒரு பாட்டை அழித்து மற்றொரு பாட்டை உண்டாக்கிய காலம் அது.

அத்தட்டுப்பாட்டுக் காலத்திலேயே வினைல் என்னும் செயற்கைப் பொருள் தட்டுத் தொழிலில் இடம்பெறத் தொடங்கியது. அது எளிதில் நொறுங்காதது. கல்தூள் கலக்கத் தேவையற்றது. ஆதலால் இரைச்சல் குறைந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நெட்டிசைத் தட்டை அமெரிக்காவில் வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல அகலமுள்ள அத்தட்டு நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மிகுதியாக, அதாவது மூன்று நிமிடத்திற்குச் சரியாக நூறு முறை சுழலும். அதன் பள்ளம் மிகவும் நுண்ணியது, மயிரிழையினும் குறுகலானது. ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் பாடும்.

அப்பள்ளத்தின் நீளத்தை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபத்திரண்டு நிமிடம் பாடும் பக்கம் ஏறத்தாழ 733 முறை சுழல்கிறது. வெளிச்சுற்றின் நீளம் 90 செண்டிமீட்டர் அளவு. கடைசி உட்சுற்றின் நீளம் 40 செண்டிமீட்டர் அளவு. சராசரி 65 செண்டிமீட்டர் என்று கொண்டு பெருக்கினால் 476 மீட்டர் வருகிறது. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் முள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நடக்கிறது. அவ்வழி முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே அகலமுடையது. தரையிலிருந்து எழும் தூசுத் துகள் ஒன்று அதற்குள் விழுந்தால், வாய்க்காலில் பாறை விழுந்ததற்கு ஒப்பாகும்.

நீண்ட தட்டு வந்ததனால் நீண்ட பாடல்கள் துண்டுபடாமல் ஒலித்தன. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம், மூன்று நிமிடத் தட்டுகளில் பல கூறாக வெட்டுண்டிருக்க வேண்டியது. நெட்டிசைத் தட்டில் அஃது இடையறாது ஒலித்து, விடியற்காலை ஒலியாகவே தென்னாட்டில் நிலைத்தது.

உறையும் இக்காலத்தில் மாறுதல் அடைந்தது. அரக்குத் தட்டுகளின் நாளில், ஒரே இசைப்படைப்பைச் சேர்ந்த ஐந்தாறு தட்டுகளை, நிழற்படம் ஒட்டும் ஆல்பம் போன்ற கனத்த அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றனர். ஒற்றைத் தட்டையும் பிற்காலத்தார் ஆல்பம் என்று அழைத்தது அதன் எச்சமே. அப்புத்தகங்களின் மேலட்டை பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. கொலம்பியா நிறுவனத்தில் ஓவியப் பொறுப்பை ஏற்ற அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர், 1940ஆம் ஆண்டை ஒட்டி, இசையின் தன்மைக்கு ஏற்பப் படம் அமைத்து அட்டையை அச்சிடும் வழக்கத்தைத் தொடங்கினார். கல்லறைக் கல்லைப்போலப் பெயர் மட்டும் தாங்கி நின்ற அட்டை, அதன்பின் வாங்குவோரைக் கைகாட்டி அழைத்தது. நெட்டிசைத் தட்டு வந்தபோது, அதற்கு உரிய மெல்லிய அட்டை உறையை அமைப்பதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அட்டையின் முன்புறப் படத்தைப் புகழ்வோர் பலர். பின்புற எழுத்தே அதனினும் பயன் மிகுந்தது எனலாம். கருநாடக இசைத்தட்டுகள் பலவற்றின் பின்னட்டையில் இராகமும், தாளமும், பாடலை இயற்றியவர் பெயரும், பக்க இசைஞர் பெயரும் தரப்பட்டிருக்கும். நடுச்சீட்டு உள்ளங்கை அளவே உடையது. முதன்மைப் பாடகரின் பெயருக்கும் பாட்டின் பெயருக்கும் இடம் அளித்த பின், வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களுக்கு அதில் பெரும்பாலும் இடம் இராது. அவர்கள் பெயர் உறையில் மட்டுமே இருக்கும். அட்டையை எறிந்தவர் தாம் அறியாமலே அக்கலைஞர்களையும் எறிந்தவராகிறார். வாசிப்பு ஒலிக்கும், வாசித்தவர் யார் என்று சொல்வார் இரார்.

இந்தியாவில் அரக்குத் தட்டுகள் 1960களிலும் வெளிவந்துகொண்டிருந்தன. பின்னர் ஒலிநாடாப் பேழை பரவியதும் தட்டுகள் வீட்டுப் பரணுக்கு ஏறின. பரணிலிருந்து பழம்பொருள் கடைக்கு இறங்கின. சென்னை மூர் மார்க்கெட், பம்பாய் சோர் பஜார், கல்கத்தா ப்ரீ ஸ்கூல் தெரு ஆகிய இடங்களில் அவை குவியலாகக் கிடந்தன. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. இத்தகைய இடங்களில் குனிந்து, ஒவ்வொரு தட்டாகப் புரட்டிப் பார்த்து எடுத்துச் சென்றவர்கள் சேகரிப்பாளர்கள். சென்னையைச் சேர்ந்த வி.ஏ.கே. ரங்காராவ் அவ்வாறு பல்லாயிரக்கணக்கான தட்டுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து இசை வரலாறு எழுதினார். 1990இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. மைக்கேல் கின்னியர் என்னும் ஆராய்ச்சியாளர், கிராமபோன் கம்பெனி 1899 முதல் 1908 வரை செய்த இந்தியப் பதிவுகளைத் தொகுத்து 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். தட்டின் எண், பாடியவர், பாட்டு, பதிவான ஊர் என்று வரிசைப்படுத்தும் இத்தகைய பட்டியல்கள் சுவைக்குரிய நூல்கள் அல்ல. ஆனால் அவை இல்லாமல் சேகரிப்பு என்பது குருடன் கைப்பட்ட பண்டகசாலையே.

தேடித் திரட்டுதல் ஒரு பாதி வேலை. எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை கொள்ளும் சேகரிப்பாளரும் உண்டு. ஆயிரம் தட்டு வைத்திருந்தும் அவற்றைக் கறையானுக்கு உணவாக்கியவரை விட, முப்பது தட்டு வைத்து முறையாகப் பேணுபவர் இசைக்குச் செய்யும் தொண்டு பெரிது. பேணும் முறையில் நுட்பம் உண்டு. செலவு மிகுதி இல்லை.

தட்டை எடுக்கும்போது விளிம்பையும் நடுச்சீட்டையும் மட்டுமே தொட வேண்டும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பள்ளத்தில் படிந்தால், அதில் தூசு ஒட்டிக்கொள்ளும், பூசணமும் வளரும். உறையைச் சற்றே வயிற்றோடு அணைத்து வாயை அகலச் செய்து, உள்ளுறையோடு தட்டை வெளியே எடுத்து, அதன்பின் தட்டை உள்ளுறையினின்று நழுவவிட வேண்டும். உறைக்குள் விரலை நுழைத்துப் பிடித்து இழுப்பது தட்டுக்கும் கேடு. உறையின் ஓரத்துக்கும் கேடு.

தட்டுகளைப் புத்தகங்கள்போல நேராக நிறுத்தி வைப்பதே முறை. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவற்றின்மேல் பாரம் ஏறும்; அரக்குத் தட்டு விரிசல் விடும்; வினைல் தட்டின் வட்டம் அட்டையில் அழுந்தி, படத்தின்மேல் வளையமாகத் தேய்ந்த தழும்பை உண்டாக்கும். சாய்த்து வைப்பதும் தவறு. வினைல் நொறுங்காது, ஆனால் வளையும். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சாய்ந்து நிற்கும் தட்டு, ஒரு கோடைக்காலத்திற்குள் அப்பளம்போல நெளிந்துவிடக்கூடும். இடையிடையே உறுதியான பலகைத் தடுப்புகள் வேண்டும். அடுக்கும் வலிமை உடையதாக இருத்தல் வேண்டும். ஓர் அடி நீளத்தில் நிற்கும் தட்டுகள் ஏறத்தாழ பதினாறு கிலோகிராம் எடை உள்ளவை. சிறிய தட்டையும் பெரிய தட்டையும் கலந்து நிறுத்தினால் பெரியது வளையும் என்பதால், அளவு வாரியாகப் பிரித்து வைப்பர்.

வெயிலும் ஈரமும் இரு பெரும் பகைகள். தட்டுக் காப்பகங்களில் வெப்பத்தை 20 டிகிரி அளவிலும், காற்றின் ஈரத்தை 50 விழுக்காட்டுக்கு உட்பட்டும் வைத்திருக்க முயல்வர். சென்னை போன்ற கடற்கரை நகரத்து வீடுகளில் அது இயலாது. இயலக்கூடியவை சில உள்ளன. வெளிச்சுவரை ஒட்டி அடுக்கு வைக்காமல் உட்சுவரை ஒட்டி வைக்கலாம். சுவருக்கும் அடுக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விடலாம். மழைக்காலம் கழிந்ததும் ஒவ்வோர் உறையையும் எடுத்து நிழலில் உலரவிடலாம். ஏடுகளை ஆண்டுதோறும் வெளியில் எடுத்துத் தட்டி வைத்த பழைய வழக்கம் இங்கும் பொருந்தும். பூசணம் வினைலைத் தின்று வாழ்வதன்று. அட்டையிலும் பசையிலும் தொடங்கித் தட்டுக்குப் பரவுவது. இராமபாணப் பூச்சியும் கறையானும் காகிதத்தை நாடியே வருகின்றன. உறையை உலர்வாக வைத்தால் தட்டும் தானே தப்பும்.

உள்ளுறை எப்பொருளால் ஆனது என்பதில் பலர் ஏமாந்துபோகின்றனர். சொரசொரப்பான காகிதம் தட்டை நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் உராய்கிறது. மலிவான காகிதத்தில் உள்ள அமிலம் காகிதத்தையே பழுக்கவைத்து உதிர்க்கிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் பி.வி.சி. உறை காண்பதற்கு அழகியது, உண்மையில் தீயது. அதனை நெகிழவைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து, வினைல் தட்டின் மேற்பரப்பில் புகைபோலப் படிந்துவிடும்; துடைத்தாலும் போகாது. பாலித்தீன் உள்ளுறையே தீங்கற்றது. 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒலிப்பதிவுகளைக் காக்கும் முறைபற்றி ஓர் ஆராய்ச்சி அறிக்கையை வெளியிட்டது. எப்பொருள் எத்துணைக் காலம் நிற்கும், எவ்வாறு அழியும் என்று ஆராய்ந்த பிறகே காப்பகங்கள் தம் உறைகளைத் தேர்ந்தன.

உள்ளுறையின் வாய் மேல்நோக்கி இருக்குமாறும், அட்டையின் வாய் பக்கவாட்டில் இருக்குமாறும் வைத்தால் தூசு உட்புக வழியில்லை. எடுக்கும்போது தட்டு உருண்டு விழவும் வழியில்லை. கடையிலிருந்து வரும்போது அட்டையின்மேல் இறுகப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேற்படலத்தை நீக்கிவிடுதல் நலம். அப்படலம் ஆண்டுகள் செல்லச்செல்ல மேலும் சுருங்கி அட்டையை வளைக்கும். புதுமை கெடாதிருக்க அதனை அப்படியே விடுவோர் பொருளைக் காக்கவில்லை, விலையைக் காக்கின்றனர்.

தூய்மை செய்யும்போது அரக்குத் தட்டையும் வினைல் தட்டையும் வேறு பிரித்து அறிய வேண்டும். மரச்சாமான்களுக்கு மெருகு பூசுவோர் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்தே பூசுகின்றனர். அதே சாராயம் கலந்த நீர்மத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தால், அழுக்கோடு பாட்டும் கரைந்து வந்துவிடும். இதனை அறியாது நல்ல தட்டுகளை இழந்தவர் பலர். காய்ச்சி வடித்த நீரில் சிறிது மென்சவர்க்காரம் கலந்து, மெல்லிய துணியில் நனைத்து, பள்ளம் செல்லும் திசையிலேயே துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். நீரில் ஊறவிடலாகாது, நடுச்சீட்டு நனையவும் கூடாது. வினைலுக்கு வேறொரு குணம் உண்டு. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் அதில் மின்னூட்டம் ஏறி, போக்கிய தூசைக் காட்டிலும் மிகுதியான தூசை இழுத்துக்கொள்ளும். அதற்கு மென்மையான தூரிகையே ஏற்றது.

கிழிந்த உறையைக் கண்டதும் கை ஒட்டுநாடாவைத் தேடும். அது வேண்டா. சில ஆண்டுகளில் அந்நாடாவின் பசை பழுத்துக் கசிந்து, அட்டையில் நீங்காத கறையை விடும், நாடா உதிர்ந்துபோகும், கறை தங்கும். கிழிசலின் உட்புறத்தில் அமிலமற்ற தாளை மெல்லிய பசையால் ஒட்டி, பாரம் வைத்து உலரவிடுவதே நூலகத்தார் கையாளும் முறை. உறை பழுதுபட்டு இனித் தட்டைத் தாங்காது என்னும் நிலை வந்தால், தட்டைப் புது உறைக்கு மாற்றலாம். ஆயினும் பழைய உறையை எறியாமல் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதில் கடை முத்திரை இருக்கலாம். முதலில் வாங்கியவர் எழுதிய தேதி இருக்கலாம். திருமணத்திற்கு இன்னார் அளித்தது என்ற ஒரு வரி இருக்கலாம். இவை வீட்டாருக்கு நினைவு; வரலாற்றாசிரியருக்குச் சான்று.

உறையே இல்லாமல் வந்த தட்டுக்கு என் செய்வது? நடுச்சீட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெற்றுவட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பொறித்த எண் ஒன்று பெரும்பாலும் தென்படும். அவ்வெண்ணைப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் பதிவின் காலத்தை ஓரளவு கண்டறியலாம். கண்டறிந்ததைப் புது உறையின்மேல், தட்டை உள்ளே வைப்பதற்கு முன்னரே, மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். மை ஊறிப் பரவும். தட்டு உள்ளே இருக்கையில் எழுதினால் பென்சிலின் அழுத்தம் பள்ளம்வரை எட்டும்.

இவ்வாறு எழுதிவைத்த ஒரு தாளால் ஒரு குரல் அடையாளம் பெற்ற நிகழ்ச்சி உண்டு. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், வாஷிங்டன் நகரில் தம் கூட்டாளிகளோடு ஒலிப்பதிவு ஆராய்ச்சியும் நடத்தினார். அங்கே செய்த தட்டுகள் பல, ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஊமையாகக் கிடந்தன. அவற்றைப் பாடவைக்கும் கருவி எஞ்சவில்லை. முள்ளை வைத்தால் சிதைந்துவிடும் என்னும் அச்சமும் இருந்தது. பின்னர் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தார் தட்டைத் தொடாமலே அதன் பள்ளத்தை ஒளியால் படம்பிடித்து, அப்படத்தைக் கணிப்பொறியால் ஒலியாக மாற்றும் முறையைக் கண்டனர். அட்டைமேல் மெழுகு பூசிய ஒரு தட்டிலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது. அக்குரல் பெரும்பகுதி எண்களையே அடுக்கிச் சொல்லிற்று. தட்டின்மேல் பெல்லின் பெயரெழுத்துகளும், 1885ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் என்னும் குறிப்பும் கீறப்பட்டிருந்தன. அதே நாளைக் குறித்து, அதே சொற்களை எழுதி, பெல் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் அத்தொகுப்பில் கிடைத்தது. தாளையும் குரலையும் வரிவரியாக ஒப்பிட்டனர், இரண்டும் பொருந்தின. 2013ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று. எண்களை எண்ணி முடித்த அக்குரல், கல்கத்தாப் பாடகியார் பின்னாளில் செய்ததுபோலவே, இறுதியில் தன் பெயரைத் தானே சொல்லி நிற்கிறது.